வண்ணப் பூ டாட்டூவில் நிழலும் ஆழமும்: புதிதாகக் கற்பவர்களுக்கு

கோடு சுத்தமாக வந்திருக்கும். சிவப்பு நன்றாக ஏறியிருக்கும். இலையில் பச்சை எங்கும் விட்டுப்போயிருக்காது. ஆனாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் பூ தோலின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி தட்டையாகத் தெரியும். வண்ண வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள். உடனே இன்னும் இரண்டு நிறம் சேர்த்துப் பார்ப்பார்கள், அதுவும் உதவாது. குறை நிறத்தில் இருப்பது அரிது. எது வெளிச்சம், எது இருட்டு என்று முடிவு செய்யாமலே ஊசியை எடுத்ததுதான் காரணமாக இருக்கும்.

கோடு போடக் கை பழகி, அடுத்ததாக ஷேடிங்குக்கு, அதாவது நிழல் போடும் வேலைக்கு, வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அனுபவமுள்ள ஒரு கலைஞரிடம் வேலை பழகிக்கொண்டே படியுங்கள். இங்கே சொல்லும் எதையும் முதலில் சிலிக்கான் பயிற்சித் தோலில் செய்து பாருங்கள். பயிற்சித் தோல் வீங்காது, ரத்தம் கசியாது, சிவக்காது. அதனால் அதில் வந்த அதே மென்மை மனிதத் தோலிலும் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மெஷினைத் தொடும் முன்

முதல் வேலை பென்சிலோடுதான். வரையப்போகும் பூவின் புகைப்படத்தை போனிலேயே கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணைப் பறித்த சிவப்பு ரோஜாவும் அதன் பச்சை இலையும் பல படங்களில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக மாறி நிற்கும். நிறத்தில் எதிரெதிரானவை, வெளிச்ச அளவில் ஒன்றாகிவிடுகின்றன. வருடங்கள் போய் நிறம் மங்கும்போது டாட்டூவைத் தாங்கி நிற்பது இந்த வெளிச்ச அளவுதான். இலையை ஒரு படி இருட்டாக்குவதா, பூவை ஒரு படி வெளிச்சமாக்குவதா என்பதைக் காகிதத்திலேயே தீர்த்துவிடுங்கள். நானாக இருந்தால் இலையைத்தான் இருட்டாக்குவேன். பூவின் நிறத்தை விட்டுக்கொடுக்க எனக்கும் மனம் வராது, வாடிக்கையாளருக்கும் வராது.

அடுத்து, அதே பூவை ஐந்து படிகளில் வரையுங்கள்: ஊசி படாத வெறும் தோல், இளநிறம், நடுநிறம், அடர்நிறம், கறுப்பு. சின்ன டிசைன் என்றால் மூன்று படி போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் ரோஜாவில் ஐந்து படிக்கு இடமே இருக்காது, நெருக்கிப் போட்டால் ஆறிய பிறகு எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிவிடும். ஒவ்வொரு இதழிலும் வெறும் தோல் எங்கே நிற்கப்போகிறது என்று பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். வண்ணத்தை இழுத்துக்கொண்டே போகும் உற்சாகத்தில் முதலில் பறிபோவது அந்த இடம்தான். போனால் திரும்பாது.

ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். கொத்தில் ஐந்து பூ இருந்தாலும் அம்பு ஒன்றுதான். வெவ்வேறு புகைப்படங்களிலிருந்து பூக்களைப் பொறுக்கிச் சேர்க்கும்போது ஒரு பூவுக்கு இடப்பக்க ஒளி, இன்னொன்றுக்கு வலப்பக்க ஒளி என்று ஆகிவிடும். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று படும். எந்தத் திசை என்று தீர்மானிக்க முடியவில்லையென்றால், அந்த உறுப்பு இயல்பாகத் தொங்கும் நிலையில் மேலிருந்து ஒளி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதழில் நிழல் விழும் இடங்கள்

‘நிழல்’ என்று ஒரே சொல்லால் சொன்னாலும் ஒரு பூவில் நான்கு விதமான இருட்டு-வெளிச்சங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது இடுக்கு நிழல். இரண்டு இதழ்கள் சேரும் மடிப்பு, இதழ் காம்போடு இணையும் மூலை, மொட்டின் நடுச்சுருள் போன்ற ஒளியே புகாத இடங்களில் இருப்பது. டாட்டூவிலேயே மிக இருட்டான பகுதி இதுதான், ஆனால் மிகக் குறுகியது. இங்கே கறுப்பைத் தயங்காமல் போடலாம்.

இரண்டாவது விழுநிழல், அதாவது மேல் இதழ் தன் கீழே இருக்கும் இதழின் மீது போடும் நிழல். மேல் இதழின் ஓரத்தை ஒட்டி இது கூர்மையாகத் தொடங்கி, விலக விலக மெல்லக் கரையும். மேல் இதழ் எவ்வளவு தூக்கி நிற்கிறதோ அவ்வளவு அகலமாக விழும். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். இதழ்களுக்கு இடையே காற்று இருப்பதுபோல் தோன்ற வைப்பதும் இதுதான். ஒரு பூவில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அதை விழுநிழலுக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, இதழ் வளைந்து ஒளியிலிருந்து விலகும் இடத்தில் வரும் வளைவு நிழல். இதற்குக் கூர்மையான ஓரமே கிடையாது, முழுக்க மென்மை. பெரும்பாலோர் தாமாகவே செய்வது இதை மட்டும்தான். அடியில் இருட்டு, நுனியில் வெளிச்சம் என்று எல்லா இதழுக்கும் ஒரே மாதிரிப் போட்டுவிடுவார்கள். இருபது இதழிலும் ஒரே சாய்வு இருந்தால் அதுவும் தட்டைதான்.

நான்காவது எதிரொளி. நிழல் பக்க ஓரத்தில், பக்கத்து இதழிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியால் மெல்லிய வெளிச்சக் கீற்று ஒன்று தெரியும். அந்தக் கீற்றை விட்டுவைத்தால் ஓரம் உருண்டு தெரியும். அது முக்கிய வெளிச்சத்தைவிட எப்போதும் மங்கலாகவே இருக்க வேண்டும். வெள்ளையாக விட்டுவிட்டால் ஒளி இரண்டு பக்கமிருந்தும் வருவதுபோல் ஆகிவிடும்.

பூவுக்குப் பூ கணக்கு மாறும். ரோஜாவில் வெளிப்புறமாகச் சுருண்டு மடியும் உதடுதான் மிக வெளிச்சமான இடம். அந்த உதட்டுக்கு நேர் கீழேயே நல்ல இருட்டை வைத்தால் இதழ் சட்டென்று எழுந்து நிற்கும். தாமரையில் பல வகைகளுக்கு நுனியில் இளஞ்சிவப்பு அடர்ந்து அடிப்பக்கம் வெளிறும். நிறச்சாய்வு ஒரு திசையிலும் நிழல்சாய்வு எதிர்த் திசையிலும் ஓடுவதால், நுனியில் நிறத்தை அடர்த்தியாக வைத்து, அடியில் நிறம் சேர்க்காமல் சாம்பல் நிழலை மட்டும் தொடுங்கள். செம்பருத்தியின் நடுவில் இருக்கும் கருஞ்சிவப்புக் கண் அதன் சொந்த நிறம். அதை நிழலாக எண்ணி மேலும் கறுப்பைக் கொட்டினால் பூவின் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் ஆகும். சூரியகாந்தி புதியவர்களுக்குக் கடினம். மஞ்சள் இடைவெளி அதிகம், நிழலுக்கு இடம் குறைவு. முதல் வண்ண வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

ஊசியும் மெஷினும்

கோட்டுக்கு ரவுண்ட் லைனர். அதில் ஊசிகள் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். சிறிய இடுக்குகளில் ஷேடிங் செய்ய ரவுண்ட் ஷேடர், கொஞ்சம் தளர்வான கட்டு. இதழின் பரப்புக்கு மேக்னம், அதாவது ஊசிகள் பட்டையாக வரிசை கட்டியது, குறிப்பாக நுனி வளைந்த கர்வ்டு மேக்னம். அதன் ஓர ஊசிகள் தோலில் வெட்டுக்கோடு விடாமல் படியும் என்பதால் மென்மையான சாய்வுக்கு அதையே நான் விரும்புவேன். ஊசி எண்ணிக்கையைப் பரப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள இதழுக்கு ஏழு அல்லது ஒன்பது ஊசி போதும். சின்ன ஊசியால் பெரிய பரப்பை நிரப்பப் பார்ப்பது தோலைக் கிழிக்கத்தான் உதவும்.

ஊசியின் தடிமனையும் கவனியுங்கள். பெட்டியில் 12 என்று இருந்தால் 0.35 மி.மீ., 10 என்றால் 0.30 மி.மீ., 8 என்றால் 0.25 மி.மீ. மெல்லிய ஊசி நுண்ணிய புள்ளி வைக்கும், சாய்வு புகைபோல் வரும். தடித்த ஊசி மையை வேகமாக ஏற்றும். நிழலுக்கு 10, அடர்ந்த நிறம் நிரப்ப 12 என்று தொடங்கலாம்.

மெஷினில் ஸ்ட்ரோக் நீளம், அதாவது ஊசி மேலும் கீழும் போய்வரும் தூரம், 3 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருந்தால் ஷேடிங் மென்மையாக வரும். 3.5 எல்லாவற்றுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். 4-க்கு மேல் கோட்டுக்கும் நிறம் அடைப்பதற்கும் நல்லது. வோல்ட் எண்ணை மட்டும் யாரிடமும் கடன் வாங்காதீர்கள். ஒரே எண் வேறொரு மெஷினில் வேறு வேகத்தைத் தரும். உங்கள் கை நகரும் வேகத்துக்குப் புள்ளிகள் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்பதைப் பயிற்சித் தோலில் பார்த்து நீங்களே திருப்பிக்கொள்ள வேண்டும்.

மை, தண்ணீர், சுத்தம்

கையுறை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய கூடு), மை பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் மெம்பிரேன், மெஷினுக்கும் அதன் மின்கம்பியான கிளிப் கார்டுக்கும் உறை, ஒருவருக்கு ஊற்றிய மைக் குப்பியை அப்படியே எறிவது: இவை ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. போன்ற ரத்தவழித் தொற்றுகளைத் தடுப்பவை. இதில் பேரமே இல்லை. மீண்டும் பயன்படுத்தும் உலோகக் கிரிப் (பிடி) இருந்தால் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி, வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடம். கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பது அதற்கு ஈடாகாது.

ஷேடிங் செய்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று கிரே வாஷ், அதாவது கறுப்பு மையைத் தண்ணீரில் நீர்த்துச் செய்யும் சாம்பல். 2011-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ராச்செஸ்டரில் 19 பேருக்கு டாட்டூ போட்ட இடத்தில் மைக்கோபாக்டீரியம் செலோனே என்ற கிருமியால் தொற்று வந்தது. கலைஞர் ஊசியைச் சுத்தமாகத்தான் கையாண்டிருந்தார். முன்கூட்டியே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் மை வழியாகத்தான் கிருமி வந்தது. அந்த மையில் கலந்தது காய்ச்சி வடித்த நீர். காய்ச்சி வடித்த நீரில் உப்புகள் இருக்காது என்பதற்காக அது கிருமி நீக்கிய நீர் ஆகிவிடாது. எனவே நீர்ப்பதற்கு ‘ஸ்டெரைல்’ என்று முத்திரையிட்ட நீரையோ, மை நிறுவனமே தரும் கிருமி நீக்கிய கரைசலையோ மட்டும் எடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

மூன்று குப்பிகள் போதும். ஒன்றில் முழுக் கறுப்பு, ஒன்றில் பாதிக்குப் பாதி, மூன்றாவதில் நீர் நிறைய, சில சொட்டு மை. வண்ண மையை இப்படி நீர்க்க வேண்டாம். நீர்த்த சிவப்பு இளஞ்சிவப்பாக ஆறாது, திட்டுத்திட்டாக மங்கி ஆறும். இளநிறம் வேண்டுமென்றால் வெள்ளை கலந்த இளநிறத்தையே எடுங்கள்.

பூ டாட்டூவில் இன்னொரு கவலை சிவப்பு. ஒவ்வாமை அதிகம் பதிவாவது சிவப்பு மைக்குத்தான், அதுவும் சில சமயம் மாதங்கள் கழித்து வரும். வாடிக்கையாளரிடம் முன்பே கேளுங்கள்: பழைய டாட்டூவில் சிவப்பு அரித்ததா, தழும்பு தடித்து வளரும் உடல்வாகா, ரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுக்கிறாரா, கர்ப்பமா. சந்தேகமிருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மையில் இருக்கும் நிறமி என்ன என்று லேபிளைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு 2022 ஜனவரியில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பூவுக்கும் இலைக்கும் நாம் அதிகம் நம்பும் நீலம் 15:3, பச்சை 7 ஆகிய இரண்டு நிறமிகளும் 2023 ஜனவரியிலிருந்து அதில் அடங்கும்.

வேலையின் வரிசை

ஸ்டென்சிலை, அதாவது டிசைனின் அச்சுப் படியை, தோலில் ஒட்டியதும் அவசரப்படாதீர்கள். 15 நிமிடமாவது காயட்டும். வலக்கைக்காரர் வலது கீழ் மூலையிலிருந்து தொடங்கி மேலும் இடமுமாகப் போனால், துடைக்கும் கையும் ஊன்றும் கையும் இன்னும் போடாத ஸ்டென்சிலை அழிக்காது. இடக்கைக்காரருக்கு நேர்மாறு.

கோடு. எல்லா இதழுக்கும் ஒரே தடிமன் வேண்டாம். பூவின் வெளிச்சுற்று தடித்தும், உள்ளிதழ்கள் மெல்லியதாகவும், ஒளி நேராகப் படும் ஓரத்தில் இன்னும் மெல்லியதாகவும் இருக்கட்டும். இது ஒன்றே முன்-பின் உணர்வைத் தரத் தொடங்கிவிடும்.

கறுப்பு நிழல். வண்ணத்துக்கு முன்பே இது முடிய வேண்டும். காரணம் எளிது: வண்ணம் போட்டுத் திறந்திருக்கும் தோலின் மேல் கறுப்பு மையைத் துடைத்தால் அழுக்கு உள்ளே போகும், மஞ்சளும் வெள்ளையும் சாம்பல் பூத்துவிடும். இடுக்கு நிழலிலிருந்து தொடங்குங்கள். அங்கே முழுக் கறுப்பு. அதிலிருந்து இதழின் பரப்பை நோக்கி விப் ஷேடிங்: ஊசி இருட்டில் இறங்கி, இதழின் வளைவைத் தொடர்ந்து நகர்ந்தபடியே தோலிலிருந்து எழ வேண்டும். மணிக்கட்டு மட்டும் வீசினால் போதாது. முன்கையும் சேர்ந்து நகர்ந்தால்தான் புள்ளிகள் ஒழுங்காக அகன்று போகும். தொடக்கத்தில் நெருக்கமாகவும் முடிவில் தனித்தனிப் புள்ளியாகவும் தெரிந்தால் சரியாக வருகிறது என்று பொருள். வீச்சின் திசை எப்போதும் இதழ் நரம்பு ஓடும் திசைதான். அடியிலிருந்து நுனிக்கு விசிறிபோல் விரியும் அந்தத் திசையை விட்டு, குறுக்கே வீசினால் இதழ் துணிபோல் கசங்கித் தெரியும்.

இதழின் பரப்பில் கால் பங்குக்கு மேல் கறுப்பு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் போனால் வண்ணத்துக்கு மூச்சு விட இடமிருக்காது. புள்ளிகளுக்கு நடுவே தெரியும் தோலில்தான் பிறகு அடர்நிறம் போய் உட்காரும், கறுப்பும் நிறமும் அங்கேதான் இணையும். மென்மையாக வர வேண்டுமென்று அந்த இடைவெளிகளைச் சாம்பலால் அடைத்துவிட்டால், மேலே எந்தச் சிவப்பு போட்டாலும் சேறாகும்.

அடர்நிறம், நடுநிறம், இளநிறம். இந்த வரிசையிலேயே போங்கள். அடர்நிறத்தைக் கறுப்புப் புள்ளிகளின் இடைவெளிக்குள் சிறு சிறு வட்டங்களாக ஏற்றி, முடிவில் விப் செய்து வெளியே இழுங்கள். நடுநிறத்தை அந்த இழுப்பின் மேலேயே தொடங்குங்கள். இரண்டு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பட்டை அகலமாக இருந்தால்தான் சாய்வு தெரியும், ஓரத்தோடு ஓரம் தொட்டு நிறுத்தினால் படிக்கட்டு தெரியும். இளநிறம் வரும்போது ஊசியை நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பின் காகிதத் துண்டில் ஓட்டிப் பார்த்து, பழைய நிறம் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மஞ்சளுக்கு முடிந்தால் புது கார்ட்ரிட்ஜே போட்டுவிடுங்கள். துளி நீலம் மிச்சமிருந்தாலும் மஞ்சள் பச்சையாகிவிடும்.

வெள்ளை கடைசி, அதுவும் மிகக் கொஞ்சம். புதிதாகப் போட்டபோது பளிச்சென்று இருக்கும் வெள்ளை, ஆறிய பிறகு தோலின் நிறம் மேலே படர்ந்து மஞ்சளித்துப் போகும். உதட்டு மடிப்பின் மேல் ஒரு கீற்று, மகரந்த முனையில் ஒரு புள்ளி, அவ்வளவே. வெளிச்சத்துக்காக வெள்ளையை நம்புவதைவிடத் தோலை விட்டுவைப்பது நம்பகமானது.

பின்னணி. பூவின் வெளிச்சமான ஓரத்துக்குப் பின்னால் கொஞ்சம் சாம்பலோ கரும்பச்சை இலையோ இருந்தால் அந்த ஓரம் முன்னால் வரும். இருட்டான ஓரத்துக்குப் பின்னால் ஒன்றும் போடாமல் விடுங்கள். முழு பூவையும் சுற்றி ஒரே அளவில் நிழல் வளையம் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது பூவைத் தூக்காமல் சிறை வைக்கிறது.

நிழலுக்கு எந்த நிறம்

கறுப்பு எல்லா நிறத்துக்கும் நிழலாகிவிடாது. மஞ்சளோடு கறுப்பு கலந்தால் பச்சையடிக்கும். எனவே மஞ்சள் பூவுக்கு ஆரஞ்சு, பிறகு காவி, இடுக்கில் மட்டும் பழுப்பு. சிவப்புக்குக் கருஞ்சிவப்பும் ஒயின் நிறமும், இடுக்கில் கறுப்பு. இளஞ்சிவப்பை ஆழமாக்க மெஜந்தா, அதற்குள் கொஞ்சம் ஊதா. ஊதாப் பூவுக்குக் கருநீலம். நீலத்துக்கும் கருநீலம் பொருந்தும், அதோடு நிழல் முடியும் இடத்தில் ஒரு இழை ஊதாவைக் கலந்தால் உயிர் வரும். வெள்ளைப் பூ வெள்ளையால் ஆவதில்லை. மிக நீர்த்த சாம்பல், ஓரிரு இடங்களில் வெளிர் நீலமோ வெளிர் ஊதாவோ, மற்றதெல்லாம் வெறும் தோலும் சுற்றிலும் இருண்ட இலையுமாகச் சேர்ந்துதான் அதை வெள்ளையாகக் காட்டும்.

ஒளி படும் பக்கம் வெதுவெதுப்பான நிறங்கள் என்றால் நிழல் பக்கம் குளிர்ந்த நிறங்கள் என்பது ஓவியர்கள் காலகாலமாகக் கையாளும் முறை, தோலிலும் அது வேலை செய்கிறது. இலையை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிச்சப் பாதியில் மஞ்சள் கலந்த பச்சை, நடுநரம்புக்கு மறுபக்கம் நீலம் கலந்த கரும்பச்சை. நரம்பைக் கோடாக வரையாமல், இரண்டு பாதிக்கும் நடுவே மெல்லிய தோலாக விட்டுவிடுங்கள். ஒரே நிமிட வேலை, ஆனால் இலை மடிந்து நிற்கும்.

தோலின் நிறம்

மை நிற்பது தோலின் இரண்டாவது அடுக்கான டெர்மிஸில், மேற்பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். அதற்கு மேலே இருக்கும் அடுக்கில் மெலனின் இருக்கிறது. எனவே எந்த நிறத்தையும் நாம் ஒருவருடைய தோல் நிறத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம். பழுப்பும் கருமையுமான தோலில் வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், பேஸ்டல் நிறங்கள் ஆறிய பின் தோலோடு தோலாக மறைந்துபோகும். அடர் சிவப்பு, மெஜந்தா, ஆழ்ந்த நீலம், கரும்பச்சை நன்றாக நிற்கும்.

இதனால் கருந்தோலில் வண்ணப் பூ வராது என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் கலைஞர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம். அங்கே படிகளைக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும், பூவைப் பெரிதாகப் போட வேண்டும், வெறும் தோலையே நடுநிறமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். வாடிக்கையாளரின் தோலில் கண்ணுக்கு அதிகம் தெரியாத இடத்தில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு புள்ளி வைத்து, ஆறிய பிறகு பார்த்துத் தேர்வு செய்வது மிக நேர்மையான வழி.

கையின் பழக்கம்

தோல் இறுகியிருந்தால்தான் சாய்வு சீராக வரும். மெஷின் பிடித்த கையின் ஓரம், இன்னொரு கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மூன்று பக்கம் இழுத்துப் பிடியுங்கள். தளர்ந்த தோலில் ஊசி துள்ளும், புள்ளிகள் கொத்துக்கொத்தாக விழும். மேக்னத்தைச் சுமார் 45 முதல் 60 டிகிரி சாய்த்து, எல்லா ஊசியும் ஒரே நேரத்தில் தோலைத் தொடும்படி வையுங்கள். ஒரு மூலை மட்டும் பட்டால் அது கீறிக்கொண்டே போகும்.

ஆழம் அதிகமானால் மை டெர்மிஸுக்குக் கீழே கொழுப்புப் படலத்தில் பரவி, கோட்டைச் சுற்றி நீலம் பூத்ததுபோல் கசியும். அதைத் திரும்ப எடுக்க முடியாது. குறைந்தால் மேல்தோல் உரியும்போது நிறமும் சேர்ந்து போய்விடும். கைக்குத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: தோல் ஊசியைச் சற்றே பிடித்து விடுவதுபோன்ற லேசான அதிர்வு இழுக்கும் விரல்களில் உணரப்படும். விலா, முழங்கை உள்பக்கம் போன்ற மெல்லிய தோலில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் போகாதீர்கள். தோல் பளபளத்து, நீர் கசிந்து, துடைக்கத் துடைக்க நிறம் கழன்று வந்தால் அந்த இதழை அங்கேயே விட்டுவிட்டு வேறு இடத்துக்கு நகருங்கள். இன்னும் ஒரு சுற்று போனால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. தழும்புதான் ஏறும். துடைப்பதையும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

ஆறிய பிறகு பார்ப்பது

அன்று எடுக்கும் புகைப்படத்தை வைத்து உங்கள் ஷேடிங்கை மதிப்பிடாதீர்கள். வீங்கிய தோலில் எல்லாமே அழுத்தமாகத் தெரியும். மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், உள்ளே முழுதாக ஆற மாதங்கள் ஆகும். நிறமியைப் பிடித்து வைத்திருப்பவை மேக்ரோபேஜ் என்ற தற்காப்பு செல்கள். 2018-இல் பிரான்ஸில் எலிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று, அந்தச் செல்கள் இறந்ததும் வெளியாகும் நிறமியைப் புதிய செல்கள் மறுபடி விழுங்கிக்கொள்வதைக் காட்டியது. டாட்டூ நிலைத்து நிற்பதற்கு அது விளக்கம் தருகிறது. ஆனால் நுண்ணிய புள்ளிகள் வருடங்களில் கொஞ்சம் பரவி மென்மையாவதும் உண்மைதான். ஆகவே சாய்வில் புள்ளிகளுக்கு நடுவே இன்று சற்று அதிகமாகத் தோன்றும் இடைவெளியை விட்டுவையுங்கள்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவ வேண்டும், மெல்லிய பூச்சாகக் களிம்பு போட வேண்டும், பொருக்கைப் பிய்க்கக் கூடாது, ஆறும்வரை நீச்சல் கூடாது. சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் அல்லது காய்ச்சல் வந்தாலோ உங்களை அழைப்பதற்கு முன் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ஆறிய பிறகு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் போட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து, அதையும் கறுப்பு-வெள்ளையாக்கி முதல் நாள் பென்சில் வரைபடத்தின் பக்கத்தில் வையுங்கள். இடுக்கு நிழல் சாம்பலாகிவிட்டிருந்தால் கறுப்பை மட்டும் திரும்பத் தொடுங்கள். விழுநிழல் காணாமல் போயிருந்தால் அடர்நிறத்தைச் சேருங்கள். நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் அந்தத் திட்டை மட்டும் நிரப்புங்கள், இதழ் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டாம். வெளிச்ச இடத்தில் நிறம் நுழைந்திருந்தால் அதன் மேல் வெள்ளையைப் பூசி மறைக்கப் பார்க்காமல், பக்கத்து இருட்டை ஒரு படி கூட்டுங்கள். டச்-அப்புக்கு வந்தவரின் தோல் அந்த இடத்தில் இன்னும் பளபளப்பாக இருந்தால் ஊசியைத் தொடாமல் இன்னொரு மாதம் கழித்து வரச் சொல்லிவிடுங்கள்.